ஆடு பகை என்றாலும் குட்டி உறவுதான்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நிதானமாகப் படியுங்கள். நான் வழக்கமாக எழுதுகிற பெருங்குடி கொசு, தண்ணீர் லாரி சமாச்சாரம் இல்லை இது. பிரிந்து வாழும் அப்பா அம்மாவுக்கு நடுவில் நிற்கிற குழந்தைகளைப் பற்றியது.

போன ஒரு வருஷத்தில் என்னிடம் படித்தவர்கள் நான்கு பேர், சொந்தத்தில் ஒரு பெண், ஆக ஐந்து பேர் இதே விஷயமாக என்னிடம் பேசினார்கள். யார் யார் என்று சொல்லப் போவதில்லை. நீங்களும் யூகித்து கமெண்ட்டில் பெயர் எழுத வேண்டாம். ஐந்து பேரின் கதையும் வேறு வேறு. ஆனால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது.

பெண்கள் கேட்டது: "மாசம் பத்து பைசா அனுப்பாத மனுஷனுக்குப் பிள்ளையை எதுக்கு டீச்சர் காட்டணும்?"

ஆண்கள் கேட்டது: "பிள்ளையைக் கண்ணுலயே காட்டாதவங்களுக்கு நான் எதுக்கு டீச்சர் பணம் கட்டணும்?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் ஒரு கடன், நேரம் இன்னொரு கடன். இரண்டுமே குழந்தைக்குத் தர வேண்டிய கடன். ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை வசூல் பண்ணும் உரிமை அப்பாவுக்கும் கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது. நீங்கள் பிடித்து வைக்கிற பொருள் எதிராளியுடையது இல்லை, உங்கள் பிள்ளையுடையது.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். சட்டப் படிப்பு இல்லை. இங்கே எழுதியிருப்பது தீர்ப்புகளையும் சட்டத்தையும் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டது. உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் கணக்கு. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்தவள் என்ற முறையில், குழந்தைகளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

வீட்டில் சண்டை என்றால் வகுப்பில் எங்களுக்குத் தெரிந்துவிடும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் வீட்டுப்பாட நோட்டு "இன்னொரு வீட்டுல இருக்கு மிஸ்" என்று ஒரு குழந்தை சொல்லும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இன்றைக்கு யார் கூப்பிட வருவார்கள் என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "என் குடும்பம்" என்று படம் வரையச் சொன்னால் மற்ற பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடுவார்கள். இந்தக் குழந்தை அழிரப்பரை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை ஆண்டு விழா அழைப்பிதழ் கொடுத்தபோது ஒரு பையன் மட்டும் இரண்டு கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன். அந்த வயதில் அவன் தன் இரண்டு வீட்டுக்கும் ஒரு ஏற்பாட்டைத் தானே யோசித்திருக்கிறான். பெரியவர்கள் யோசித்திருக்க வேண்டிய வேலை அது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு என்று எல்லோரும் சொல்வோமே, அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது. எண்தான் மாறியது, விஷயம் பெரும்பாலும் அதேதான். வசதி உள்ள ஒருவர் தன் குழந்தையைப் பராமரிக்காமல் விட்டால் மாதா மாதம் தொகை கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். பெற்றோர் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்களா இல்லையா என்பது குழந்தையின் உரிமையைப் பாதிக்காது. ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது என்று உச்சவரம்பு இருந்தது. 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். இடைக்காலத் தொகை கேட்டுப் போட்ட மனுவை, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடிய வரையில் முடிக்க வேண்டும் என்றும் அப்போதுதான் சேர்த்தார்கள்.

ஏட்டில் 60 நாள். நடப்பது என்ன? வாய்தா, வாய்தா, வாய்தா. பெருங்குடி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டையிலோ கடற்கரையிலோ இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய், அரை நாள் காத்திருந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்களுக்கு இது தெரியும். ஆபீசில் அன்றைக்கு லீவு போட வேண்டும். பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். வழக்கு நடக்கிற காலத்திலும் பிள்ளைக்குப் பசிக்கும். வேன் கட்டணம் ஒன்றாம் தேதி வந்துவிடும்.

இதை உச்ச நீதிமன்றமே பல தடவை சொல்லிவிட்டது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் நாடு முழுமைக்கும் வழிமுறை வகுத்தார்கள். அதில் இரண்டு விஷயங்களை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். "எனக்கு வருமானமே இல்லை" என்று வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது. இரண்டு, தொகையை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். வழக்கை மூன்று வருஷம் இழுத்தால் மூன்று வருஷத்துப் பாக்கி தலைமேல் ஏறும். ஆகவே இழுத்தடிப்பதில் லாபம் என்று நினைக்கிற என் பழைய மாணவர்களே, ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த கூட்டல் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள். "சம்பளம் இல்லை, எப்படிக் கொடுப்பேன்?" உடல் திடமாக உள்ள கணவன் உழைத்துச் சம்பாதித்து மனைவியையும் மைனர் பிள்ளையையும் காப்பாற்றக் கடமைப்பட்டவன், கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022-ல் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டத் தவறினால் வாரண்ட் வரும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தால் பாக்கி தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை சிலருக்கு இருக்கிறது. தீராது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதே சமயம் பெண்களும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பிரிவின்படி பாக்கியை வசூலிக்க, தொகை சேர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். "போனால் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, "அவளும்தான் ஐ.டி.யில் சம்பாதிக்கிறாள், நான் எதுக்குத் தரணும்?" என்ற கேள்வி. ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற நம் வீடுகளில் இது அதிகம் வருகிறது. மனைவிக்குத் தர வேண்டியது வேறு, பிள்ளைக்குத் தர வேண்டியது வேறு. அம்மா சம்பாதிப்பதால் அப்பாவின் பொறுப்பு காணாமல் போகாது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பிள்ளையைப் பராமரிக்கும் கடமையை அப்பா அம்மா இருவர் மீதும் வைக்கிறது. இருவர் மீதும் என்றால் சரிபாதி என்று அர்த்தம் இல்லை. ஐந்தாம் வகுப்பு விகிதக் கணக்குதான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அப்பாவுக்குக் கையில் வருவது 60,000. அம்மாவுக்கு 40,000. விகிதம் 3:2. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை மாதத்துக்குப் பிரித்து, வேன், சாப்பாடு, வாடகையில் பிள்ளையின் பங்கு, டாக்டர் செலவு, துணிமணி எல்லாம் சேர்த்து 20,000 ஆகிறது என்று வையுங்கள். அப்பா 12,000, அம்மா 8,000. முடிந்தது. நம் நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு நிலையான அட்டவணை கிடையாது. நீதிபதி சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார். ஆனால் நீங்கள் இருவரும் ஒரு பேப்பரை எடுத்து இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டீர்களானால், நீதிமன்றம் மூன்று வருஷத்தில் செய்கிற வேலையை ஒரு சாயந்திரத்தில் முடிக்கலாம். பிள்ளையோடு இருக்கிறவர் சமைக்கிறார், துவைக்கிறார், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழித்திருக்கிறார்; அதற்கு இந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் போடவில்லை என்பதையும் பணம் அனுப்புகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் இருக்கிற என் மாணவி ஒருத்தி சொன்னாள், அங்கே இதற்கு 1997-லிருந்து மத்திய அரசின் அட்டவணையே இருக்கிறதாம். கட்ட வேண்டியவரின் வருமானம் இவ்வளவு, பிள்ளைகள் இத்தனை பேர் என்றால், தொகை இவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். ஒன்டாரியோ மாகாணத்தில் அரசு அலுவலகம் ஒன்றே சம்பளத்திலிருந்து பிடித்து மறு தரப்புக்கு அனுப்பிவிடும். கட்டாமல் ஏமாற்றினால் டிரைவிங் லைசென்ஸையே நிறுத்தி வைப்பார்கள். நம் ஊரிலும் சம்பளத்தை ஜப்தி செய்ய வழி இருக்கிறது. ஆனால் அதற்குத் தனியாக மனு, தனியாக அலைச்சல். மாதச் சம்பளக்காரர் என்றால் உத்தரவு போடும்போதே கம்பெனி மூலம் பிடித்தம் என்பதை வழக்கமாக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக் கடன் ஈ.எம்.ஐ. ஐந்தாம் தேதி தானாகப் போகிறது. பிள்ளைச் சோறு மட்டும் ஏன் கெஞ்சிக் கேட்டு வர வேண்டும்?

இனி நேரம்.

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு 1890-ஆம் வருஷத்துச் சட்டமும், 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டமும் இருக்கின்றன. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம். அதற்கு மேல் யாருக்கும் பட்டா கிடையாது. குழந்தையின் நலன்தான் முக்கியம். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார்.

குழந்தைகள் பெற்றோரின் உடைமை அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1973-ல் சொன்னது. ரோசி ஜேக்கப் வழக்கு என்பார்கள். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்குதான் அது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்னும் நாம் "பிள்ளை யாருக்கு?" என்றுதான் கேட்கிறோம். பைக் யாருக்கு, பிரிட்ஜ் யாருக்கு என்று கேட்கிற மாதிரி.

1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கின் தீர்ப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். மைனர் மகன் பெயரில் பத்திரம் வாங்க அம்மா காப்பாளராகப் போட்ட கையெழுத்து செல்லாது என்று வங்கி சொல்லப் போய் வந்த வழக்கு. அப்பா உயிரோடு இருந்தாலும், அவர் பிள்ளையின் பொறுப்பில் அக்கறை இல்லாமல் விலகியிருந்தால் அம்மாவே இயற்கைக் காப்பாளர் ஆகலாம் என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் சில இடங்களில் "அப்பா கையெழுத்து எங்கே?" என்று அம்மாக்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற என் மாணவர்கள் யாராவது இருந்தால், இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள்.

2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. அப்பா அம்மா இருவரின் அன்பும் பெறுவது குழந்தையின் உரிமை, பொறுப்பு ஒருவரிடம் இருந்தாலும் மற்றவரோடு தொடர்பு அற்றுப் போகக் கூடாது, தூரத்தில் இருந்தால் வீடியோ காலிலாவது பேச விட வேண்டும் என்றது. உரிமை யாருடையது என்று கவனியுங்கள். "எனக்குப் பார்க்க உரிமை" என்று அப்பா சொல்வதும், "பார்க்க விட முடியாது" என்று அம்மா சொல்வதும் பேச்சைத் தப்பான இடத்தில் ஆரம்பிக்கின்றன.

எனக்கு இந்த "கஸ்டடி" என்ற சொல்லே பிடிக்கவில்லை. திருடனைப் பிடித்தாலும் கஸ்டடி, குழந்தையை வைத்திருந்தாலும் கஸ்டடி. சொல் எப்படியோ மனசும் அப்படியே போகிறது. ஒருவர் காவலர் ஆகிறார், இன்னொருவர் மனு போட்டுப் பார்க்க வருகிற பார்வையாளர் ஆகிறார். கனடாவில் 2021 மார்ச் முதல் விவாகரத்துச் சட்டத்திலிருந்து இந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். பிள்ளையோடு இருக்கும் நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டார்கள். நம் சட்ட ஆணையமும் 2015-ல் தன் 257-வது அறிக்கையில் கூட்டுப் பொறுப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழில் நாம் "வளர்ப்புப் பொறுப்பு" என்று சொல்லிப் பழகலாம். பொறுப்பு என்று சொன்னால் பிடுங்கிக்கொள்ள யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022-ல் ஒரு தனி நீதிபதி, பிள்ளையைப் பார்க்க வருகிற துணையை விருந்தினர் போல நடத்த வேண்டும், "அதிதி தேவோ பவ", சிற்றுண்டி, சாப்பாடு கொடுத்து உபசரிக்க வேண்டும் என்கிற மாதிரி உத்தரவிட்டார். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. மேல்முறையீடு ஆனது. 2023-ல் தலைமை நீதிபதி இருந்த அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒருவரை ஒருவர் எப்படி நடத்திக்கொள்வது என்பது நீதிமன்றம் தீர்மானிக்கும் விஷயம் அல்ல என்பது காரணம்.

இரண்டாவது தீர்ப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அடி வாங்கிப் பிரிந்து வந்த பெண்ணிடம், "அவனுக்குக் காபி போட்டுக் கொடு" என்று ஒரு அரசாங்கக் காகிதம் சொல்லக் கூடாது. மரியாதையை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. ஆனால் முதல் நீதிபதியின் கவலை எனக்குப் புரிகிறது. வாசலில் அப்பா நிற்கும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் குழந்தை முதலில் பார்க்கிறது. நீதிமன்றம் நேரம் குறிக்கும், தொகை குறிக்கும். "வாங்க, உட்காருங்க, பையன் ஷூ போட்டுக்கிட்டு இருக்கான்" என்று சொல்வதை நீங்கள்தான் செய்ய வேண்டும். காபி வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

சின்ன வகுப்பில் சாலமன் ராஜா கதை சொல்வோம். இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. வாளால் வெட்டிப் பாதி பாதி கொடு என்றதும் உண்மையான தாய் பதறி விட்டுக் கொடுப்பாள். நல்ல கதை. ஆனால் குடும்ப நல நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது. கதையில் ஒருத்தி பொய். நீதிமன்றத்தில் நிற்பவர்கள் இருவருமே நிஜம். விட்டுக் கொடுத்தவருக்குப் பிள்ளை கிடைக்கும் என்ற முடிவும் அங்கே கிடையாது. அதனால்தான் இருவருமே பயந்துகொண்டு இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பயத்தில் பிடிக்கும்போது பிள்ளையின் கை வலிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி நம் குடும்பத்துப் பெரியவர்களுக்கு. அண்ணி, மாமா, சித்தி, சம்பந்தி எல்லோருக்கும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது பாட்டிதான். ஆகவே வழக்கு அப்பா அம்மா பெயரில் நடந்தாலும், உள்ளுக்குள் இரண்டு பாட்டி வீடுகளின் வழக்காக இருக்கிறது. "ஆடு பகை, குட்டி உறவா?" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். மருமகளோடு பகை என்றால் அவள் பெற்ற பிள்ளையும் வேண்டாதது. மாப்பிள்ளை ஆகவில்லை என்றால் அவன் ஜாடையில் இருக்கிற பேரனைப் பார்த்து, "அப்பன் புத்தி அப்படியே" என்று ஒரு சொல். எத்தனை பழமொழிகளை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நம் வீடுகளிலிருந்து துடைத்தெறிய வேண்டும் என்று கேட்கிறேன். அப்பன் புத்தி என்று திட்டும்போது குழந்தைக்குக் கேட்பது, "உன்னில் பாதி கெட்டது" என்பதுதான்.

காதுகுத்து, பிறந்தநாள், தீபாவளித் துணி இவற்றையெல்லாம் பந்தயமாக்காதீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துங்கள். அப்பா வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வந்து ஓரமாக நின்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போகட்டும். மானம் ஒன்றும் போய்விடாது.

நீங்கள் கேட்பீர்கள், "டீச்சர், அடிக்கிறவன், குடித்துவிட்டு வருகிறவன், பிள்ளையிடமே தப்பாக நடக்கிறவன் கிட்டயும் அனுப்பணுமா?" நியாயமான கேள்வி. அனுப்ப வேண்டாம். நான் மேலே சொன்னதெல்லாம் குழந்தைக்கு ஆபத்து இல்லாத இடத்துக்குத்தான். ஆபத்து இருக்கிற இடத்தில் நீதிமன்றத்திடம் அதைச் சொல்லுங்கள். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், பணம் கேட்கலாம், பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பும் கேட்கலாம். பார்ப்பதையே நிறுத்தி வைக்கக் கேட்கலாம். அல்லது நீதிமன்ற வளாகத்தில், இன்னொருவர் கண்காணிப்பில் மட்டும் பார்க்க வைக்கக் கேட்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் அப்படிப்பட்ட ஆபத்து நிஜமாகவே இருக்கிற குழந்தைகளின் பேச்சை நீதிமன்றம் உடனே நம்ப வேண்டும் என்றால், ஆபத்து இல்லாத இடத்தில் நாம் அந்தக் குற்றச்சாட்டை ஆயுதமாக எடுக்கக் கூடாது. ஒரு பொய்ப் புகார் பத்து உண்மைப் புகாரின் வாயை அடைக்கும்.

பணம் வரவில்லையா? வசூல் மனு போடுங்கள். பிள்ளையைப் பார்க்கும் நேரத்தில் கை வைக்காதீர்கள். பார்க்க விடவில்லையா? உத்தரவை நிறைவேற்றக் கேட்டு மனு போடுங்கள். ஒன்றாம் தேதிப் பணத்தில் கை வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனி வழக்கு, தனித்தனியாகவே இருக்கட்டும். ஒன்றை ஒன்றோடு முடிச்சுப் போட்டால் இரண்டுமே நிற்கும், நடுவில் பிள்ளை நிற்கும்.

பள்ளிக்கூடத்து விஷயம் சொல்லாமல் விட்டால் நான் டீச்சர் இல்லை. சண்டையில் ஃபீஸ் கட்டாமல் விட்டு, டி.சி.யும் வாங்க முடியாமல் பிள்ளை ஒரு வருஷம் வீணாகிற கொடுமையைப் பார்த்திருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ் என்பது ஃபீஸ் வசூலிக்கிற கருவி அல்ல, அதில் ஃபீஸ் பாக்கி என்று எழுதக் கூடாது என்று நம் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ன்படி, டி.சி. வரத் தாமதம் என்று காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரைக்கும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்க மறுக்கக் கூடாது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிரிந்து வாழ்கிற என் பிள்ளைகளுக்கு வழக்கம் போல் வீட்டுப்பாடம். ஐந்தே ஐந்து.

1. பிள்ளையிடம் தூது சொல்லி அனுப்பாதீர்கள். "ஃபீஸ் கட்டச் சொல்லு உங்கப்பாவை" என்பது எட்டு வயதுக் குழந்தை சுமக்கிற மூட்டை இல்லை. நேராக வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள். திட்டு இல்லாமல்.

2. பிள்ளை திரும்பி வந்ததும் விசாரணை நடத்தாதீர்கள். அங்கே யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டாய், என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டால், அடுத்த தடவையிலிருந்து குழந்தை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். "ஜாலியா இருந்துச்சா?" என்று கேளுங்கள். இருந்துச்சு என்று சொன்னால் முகம் மாறாதீர்கள். கஷ்டம்தான். பழகுங்கள்.

3. "உனக்கு யாரைப் பிடிக்கும்?" இந்தக் கேள்வி வேண்டவே வேண்டாம். நீதிபதி கேட்டால் அது அவர் வேலை. நீங்கள் கேட்கக் கூடாது.

4. பணம் அனுப்புவதை வங்கி வழியாகவே, ஒரே தேதியில் அனுப்புங்கள். வாங்குகிறவர் பெரிய செலவுகளின் ரசீதை எடுத்து வையுங்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் கணக்கு நம்பிக்கையைக் கொஞ்சம் கொண்டுவரும்.

5. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் அப்பா, அம்மா இருவரின் போன் நம்பரையும் எழுதுங்கள். நீதிமன்றம் தடை போட்டிருந்தால் ஒழிய, ஒன்றை அடிக்காதீர்கள். பிள்ளை கீழே விழுந்து தலையில் அடிபட்டால், எந்த நம்பர் முதலில் எடுக்கிறதோ அதுதான் அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும். வகுப்பு ஆசிரியரிடம் போய், "நாங்கள் பிரிந்து இருக்கிறோம், பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களுக்குத் தெரிந்தால் அழிரப்பரோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம்.

இப்போது ஆசிரியராக இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான்" என்று அடம் பிடிக்காதீர்கள். ராங்க் கார்டை இருவருக்கும் காட்டுங்கள். ஆண்டு விழா அழைப்பிதழ் கொடுக்கும்போது, குழந்தை கேட்பதற்கு முன்னால் நீங்களே இரண்டு எடுத்து வையுங்கள்.

யாருக்காவது பேச வேண்டும் என்றால் சாயந்திரம் நாலு மணிக்கு மேல் போன் பண்ணுங்கள். இருவரும் சேர்ந்தே வந்தாலும் வாருங்கள். நடுவில் உட்கார நான் இருக்கிறேன். பிள்ளையையும் கூட்டி வந்தால் அது பாட்டுக்கு உள்ளறையில் உட்கார்ந்து படம் வரையட்டும். கிரேயான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பெருங்குடி.